மூன்றாம் ஓலையும் ப்ராசஸரில் இருந்த பேஸ்ட்டும்

என் வீட்டுக்காரர் சூசைராஜ் எதையும் போட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டார். எங்கள் திண்டுக்கல்லில் பல்பு வாங்கினால் கடைக்காரர் ஒரு தடவை எரியவிட்டுக் காட்டித்தான் கையில் கொடுப்பார். அதோடு விட்டால் பரவாயில்லை. இந்த மனுசன் அந்த வழக்கத்தை விளக்குமாறு வரைக்கும் கொண்டுபோய்விட்டார். விளக்குமாறு வாங்கினால் கடை வாசலைப் பெருக்கிப் பார்ப்பார். குடை வாங்கினால் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பார். தூரத்தில் இவர் தலையைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்து உள்ளே போய்விடுகிற கடைக்காரர்களை எனக்குத் தெரியும்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் இதே கூத்துதான். தட்டில் வைத்த பஜ்ஜி கூட ஆறவில்லை, ஊசியும் நூலும் கொண்டுவரச் சொன்னார். "பொண்ணு தையல் தைக்கும்னு சொன்னீங்கள்ல? கண்ணு எப்படின்னு பாத்துக்கிறேன்." என் அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் ஒரே தடவையில் நூலைக் கோத்து, ஊசியை அவர் மடியில் வைத்தேன். குத்தியதில் துள்ளி எழுந்தார். வேண்டுமென்றுதான் வைத்தேன்.

கோயிலுக்கு எதிரே சின்னதாக ஒரு கடை அவருக்கு. கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு அட்டை, நினைவஞ்சலி எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பார். 2003இல் அந்தக் கம்ப்யூட்டர் கிழடு தட்டிவிட்டது. ஒரு பெயரை மாற்றச் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனால், குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வரலாம், அப்போதும் அது யோசித்துக்கொண்டிருக்கும்.

அதே வருசம்தான் எங்கள் ஒரே மகள் ஷைனிக்கு மாப்பிள்ளை அமைந்தது. பையன் ரொனால்டு. நாகல் நகரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். ஷைனிக்குப் பிடித்திருந்தது, எனக்கும் பிடித்திருந்தது. இவருக்கும் பிடித்துத்தான் இருந்தது, ஆனால் சோறு இறங்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். மருமகனை எந்தப் பிளக்கில் சொருகிப் பார்ப்பது?

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குக்குருவிடம் சொல்லுங்கள் என்று பூசையில் அறிவிப்பார்கள். இரண்டு ஓலை முடிந்துவிட்டது. மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை ரொனால்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு ப்ராசஸர். தீப்பெட்டி அளவுகூட இல்லை, அதுதான் கம்ப்யூட்டருக்கு மூளையாம்.

"மாமா, இதைப் போட்டா உங்க கம்ப்யூட்டர் பறக்கும். நாளைக்குப் பூசை முடிஞ்சதும் வந்து மாட்டித் தாரேன்."

"புதுசுதானே?"

"புத்தம் புதுசு மாமா."

பையன் தெருமுனை தாண்டியிருக்க மாட்டான். அச்சுப் புள்ளி பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு இவர் ட்யூப்லைட்டுக்கு அடியில் போய் நின்றார். நின்றவர் முகம் சுருங்கியது.

"இஞ்ஞாசி, இங்கிட்டு வா. இது என்னன்னு பாரு."

பார்த்தேன். மேல் தகட்டின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. "என்னவோ அழுக்கு. துடைச்சா போயிரும்."

"அழுக்கா? பேஸ்ட்டுடி இது!" ப்ராசஸர் சூடாகுமாம். அதன் தலைமேல் ஃபேனை உட்காரவைக்கும்போது, சூடு இறங்குவதற்காக இடையில் ஒரு பேஸ்ட் தடவுவார்களாம். "நம்ம பழைய கம்ப்யூட்டரைக் கழட்டுனப்ப என் கண்ணால பாத்தேன். மாட்டுனாத்தான் பேஸ்ட்டு. மாட்டாத புதுசுக்கு ஏது பேஸ்ட்டு? எவன் கம்ப்யூட்டர்லயோ கெடந்ததைத் தொடச்சி, புதுசுன்னு நம்ம தலையில கட்டிட்டான்."

"பையனையே கேளுங்களேன்."

"கேட்டா பொய் சொல்லுவான். இம்புட்டுக்காணி சாமானுக்கே பொய் சொல்றவன், நாளைக்கு நம்ம பிள்ளை விசயத்துல என்னென்ன சொல்லுவானோ?"

ஷைனி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "அப்பா, அவரு அப்படியெல்லாம் செய்ய மாட்டாரு."

"நீ போட்டுப் பாத்தியா?" என்றார். பிள்ளை கண் கலங்கி உள்ளே போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்று குழம்பில் உப்பே போடவில்லை. மனுசன் அதையும் கவனிக்காமல் சாப்பிட்டார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

காலையில் ப்ராசஸரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முதல் பூசைக்கு முன்னாலேயே ஃபாதரைத் தேடிப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். ஃபாதர் பூசை உடுப்பைப் பாதி மாட்டியிருந்தார்.

"ஃபாதர், மூணாவது ஓலையை நிறுத்துங்க. தடை இருக்கு."

ஃபாதருக்கு முகம் வெளுத்துவிட்டது. "பையன் ஏற்கெனவே கல்யாணம் ஆனவனா?"

"இல்ல ஃபாதர்."

"குடியா?"

"பீடிகூடக் கெடையாது."

"முறை ஏதும் தப்புதா?"

"அதெல்லாம் இல்ல ஃபாதர். பேஸ்ட்டு." பையில் கைவிட்டு எடுத்தார். ப்ராசஸரோடு சீப்பும் சேர்ந்து வந்தது.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஃபாதர் முழுசாகக் கேட்டார், பாவம். "திருச்சபைச் சட்டத்துல இதுக்கு இடமில்ல சூசை. ஆனா பொண்ணைப் பெத்தவன் நிறுத்தச் சொல்லும்போது நான் வாசிக்க முடியாது. ரெண்டாம் பூசைக்குள்ள ரெண்டு வீட்டாரும் பேசி முடிங்க. இன்னைக்கு விட்டா கல்யாணத் தேதி தள்ளிப் போயிரும்."

முதல் பூசையில் ஓலை வாசிக்கவில்லை. கோயில் முழுக்கக் குசுகுசு. ஷைனி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பூசை முடிந்ததும் ஃபாதர் வீட்டு முற்றத்தில் கூடினோம். விசயத்தைக் கேட்டதும் ரொனால்டின் அப்பா ராயப்பராஜ் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"என் மவனைத் திருடன்னுட்டீகள்ல? நீங்க என்ன நிறுத்துறது, நாங்க நிறுத்துறோம். ஏலே ரொனால்டு, கெளம்புடா."

ரொனால்டு நகரவில்லை. ஷைனியை ஒரு பார்வை பார்த்தான். பிறகு இவரிடம் வந்தான். "அந்தப் பேஸ்ட்டு நான் போட்டதுதான் மாமா."

"பாத்தீங்களா ஃபாதர்!"

"குடைக்கே தண்ணி ஊத்திப் பாக்குறவரு நீங்க. போட்டுப் பாக்காம உங்ககிட்ட எப்படிக் குடுக்கிறது? முதல்ல வந்தது செத்த நேரம் ஓடிட்டு நின்னு போச்சு. அதைத் திருப்பி அனுப்பிட்டு இதை வரவழைச்சேன். இதையும் கடையில மாட்டி ஒரு பகல் பூரா ஓடவிட்டுத்தான் கொண்டாந்தேன். தொடச்சதுல ஓரத்துல கொஞ்சம் நின்னுருச்சு போல."

"இதை நேத்தே சொல்ல வேண்டியதுதானே?"

"முன்னாடி ஒண்ணு கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருந்தா, இதை நம்பியிருப்பீங்களா மாமா?"

ஃபாதர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். ராயப்பராஜுக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு மட்டும் வரவில்லை. "இது வாய்ச்சொல்லுதானே. ஓடுதான்னு நான் பாக்கணும்" என்றார். அடப் பாவி மனுசா!

எல்லோருமாகத் தெருவைத் தாண்டிக் கடைக்குப் போனோம். ரொனால்டு ப்ராசஸரைத் திருப்பினான். அடியில் மயிர்போல நெருக்கமாக நூற்றுக்கணக்கில் கால்கள். அவன் முகம் தொங்கிவிட்டது. "எதுல வச்சிருந்தீங்க மாமா?"

"பையிலதான்."

"கூட என்ன இருந்துச்சு?"

"சீப்பு."

மூலையில் சில கால்கள் மடங்கிப் படுத்திருந்தன. அவற்றை நிமிர்த்தாமல் மாட்ட முடியாது, ஒன்று ஒடிந்தாலும் சாமான் குப்பைக்குத்தான். இரண்டாம் பூசைக்கு முதல் மணி அடித்தது. ரொனால்டு பிளேடு நுனியால் நெம்பிப் பார்த்தான். இவர் அவன் பிடரிக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டதில் பையனுக்குப் பிளேடு இரண்டு தடவை வழுக்கியது.

"நீ விடப்பு. உங்க அத்தைகிட்டக் குடு" என்றார் இவர். "அவளுக்குக் கண்ணு ரொம்ப நல்லாருக்கும். நான் பாத்திருக்கேன்."

பெண் பார்க்க வந்த அன்று வைத்த பரீட்சையின் முடிவை அவர் வாய் திறந்து சொன்னது அன்றைக்குத்தான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். தாலிக்கொடியில் கிடந்த ஊக்கைக் கழற்றி, அதன் முனையால் ஒவ்வொரு காலாக நிமிர்த்தினேன். ஷைனி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

ரொனால்டு அதை உட்காரவைத்து, புதுப் பேஸ்ட் தடவி, ஃபேனை மாட்டிப் பொத்தானை அமுக்கினான். திரை வெளிச்சமானது. என்ன கேட்டாலும் கேட்டவுடனே வந்து நின்றது. பல்புக் கடையில் பார்க்கிற மாதிரியே இவர் குனிந்து, நிமிர்ந்து, பக்கவாட்டில் எல்லாம் பார்த்தார்.

"ஓடுது" என்றார், மெதுவாக.

மன்னிப்புக் கேட்கிற வாய் அவருக்குக் கிடையாது. ரொனால்டின் விரலெல்லாம் பேஸ்ட் அப்பியிருந்தது. அந்தக் கையைப் பிடித்து, தன் வெள்ளை வேட்டி நுனியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டார். சாம்பார் பட்டாலே வீட்டை இரண்டாக்குகிற மனுசன். ராயப்பராஜ் அதைப் பார்த்துவிட்டு, "வாங்க சம்பந்தி, ரெண்டாம் மணி அடிச்சுட்டான்" என்று முன்னால் நடந்தார்.

பூசையில் ஃபாதர் ஓலையை வாசித்தார். "தடை ஏதும் தெரிந்தவர்கள்" என்ற இடத்தில் நிறுத்தி, எங்கள் வரிசையைப் பார்த்தார். கோயிலே திரும்பிப் பார்த்தது. இவர் எழுந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"போட்டுப் பாத்தாச்சு ஃபாதர். நல்லா ஓடுது" என்றார்.

பாடற்குழு உட்பட அத்தனை பேரும் சிரித்தார்கள். ஷைனியும்தான். அவர் உட்கார்ந்ததும் நறுக்கென்று கிள்ளுவதற்காகக் கையைக் கொண்டுபோனேன். அவர் வேட்டிக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்த சாமானெல்லாம் சரியில்லேன்னா கடையில திருப்பிக் குடுத்துரலாம், இஞ்ஞாசி" என்றார் என் காதோடு. "பிள்ளையைக் குடுத்துட்டு எங்க போயித் திருப்பி வாங்குறது?"

நான் கிள்ளவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.