பழைய இலையில் மட்டும் ஓட்டை

மகளின் கல்யாணப் பேச்சு முடிவாகி, வீடு முழுக்கப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் எங்கள் மீன் தொட்டிச் செடிகளில் ஓட்டை விழத் தொடங்கியது. நீண்ட பச்சை இலைகள் கொண்ட செடி அது. கடையில் அமேசன் என்பார்கள். முதலில் கடுகளவு மண்ணிறப் புள்ளி. பிறகு அந்த இடம் உதிர்ந்து ஓட்டை, ஓட்டையைச் சுற்றி மஞ்சள். உற்றுப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பகலெல்லாம் அட்டாளைச்சேனையில் வணிகக் கல்வி படிப்பித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் கல்முனைக்கு வந்து சேர்ந்தால், மேசனோடும் பெயின்ற்காரனோடும் மாரடிக்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் கல்யாணத்தோடு வீடு பெண்ணுக்குப் போய்விடும். நானும் கல்யாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்தவன்தான். மனைவிக்கு அவளுடைய வாப்பா கொடுத்த வீடு, இப்போது மகளுக்குப் போகிறது. நாங்கள் இருவரும் பின்வளவில் புதிதாகக் கட்டிய ஒற்றை அறைக்குப் போக வேண்டும். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல ஹோலில் நிற்கும் அந்தத் தொட்டி ஒன்றுதான். பின் அறையில் அதற்கு இடமில்லை.

மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இஞ்ச பாருங்க, பெருநாள் கழிச்சு மாப்பிள்ளை வீட்டாக்கள் வீடு பாக்க வாறாங்க. வடிவா இருந்தா தொட்டி ஹோலுக்குள்ள நிக்கட்டும். இந்த ஓட்டை இலையோட எண்டா ஆருக்கும் குடுத்துடுங்க."

முதலில் நத்தைகள் மீது பழி போட்டேன். பின்னேரங்களில் கையை விட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். நத்தை ஒழிந்தது, ஓட்டை ஒழியவில்லை. அப்போதுதான் மனைவியின் தம்பி வந்தான். சாகாமத்தில் வயல் செய்கிறவன். எந்த நோய்க்கும் அவனிடம் ஒரே மருந்துதான்.

"எலை மஞ்சளடிச்சா யூரியா மச்சான். ஒரு புடி போட்டுட்டு மறுகா பாருங்க."

"உங்கட வயலுக்குள்ள மீன் நீந்துதா?"

"ஏன், விரால் கிடக்குதானே!"

அவன் போகும் வரை தொட்டிப் பக்கம் அவனை விடவில்லை. ஒரு பிடி போட்டிருந்தால் விடிவதற்குள் மீனெல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்திருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து, பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டுத் தொட்டியின் முன்னால் இருந்தேன். அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். ஓட்டையெல்லாம் அடியில் இருந்த பழைய இலைகளில். நடுவில் வரும் குருத்துக்கு ஒன்றுமில்லை. நத்தை என்றால் குருத்தையும் விட்டுவைத்திருக்காது. இரும்புச் சத்துப் போதாவிட்டால் வெளுப்பதும் குருத்துத்தான். பழைய இலை மட்டும் இப்படிப் பொத்தலாகிறது என்றால் பொட்டாசியம் காணாது. தண்ணீரில் கிடைக்காததைச் செடி பழைய இலையிலிருந்து உருவிக் குருத்துக்குக் கொடுக்கிறது.

இத்தனை வருடம் காணாத குறை இப்போது எங்கிருந்து வந்தது? தொட்டியின் கண்ணாடியைப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடியில் வெள்ளைக் கோடு போடும். கல்யாண வீட்டில் அது அசிங்கம் என்று, நான்தான் பெரிய போத்தல்களில் பில்டர் தண்ணீர் வாங்கி மாற்றிக்கொண்டு வந்தேன். பில்டர் பண்ணும்போது தண்ணீரிலிருந்த சத்தும் போயிருந்தது. அழகுபடுத்துகிறேன் என்று செடியைப் பட்டினி போட்டிருக்கிறேன். என் மீதே எரிச்சல் வந்தது.

திரும்பவும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். கோடு விழ விழ, பாதித் தேசிக்காயின் புளிச்சாற்றால் தேய்த்தேன். புது இலைகள் முழுசாக வந்தன. பழைய இலையின் ஓட்டை மூடவில்லை, அது மூடாது.

"அதுகள வெட்டி எறிங்களன்," என்றாள் மனைவி.

"கொஞ்சம் பொறு. அதுகளிட சத்திலதான் குருத்து வளருது."

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முதல் நாள்தான் நகம் வெட்டும் கத்தரியால் வெட்டினேன். மனமில்லாமல்தான் வெட்டினேன்.

வந்தவர்கள் அறைகளைப் பார்த்தார்கள், குசினியைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா தொட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார். "என்ன வடிவு! இது இஞ்சயே நிக்கட்டும், ஒரு இடமும் கொண்டு போயிராதீங்க," என்றார். நான் சோதனையில் பாஸான பிள்ளை மாதிரிச் சிரித்தேன். தொட்டி தப்பிவிட்டது. அவ்வளவுதான் அன்று எனக்குத் தெரிந்தது.

கல்யாணம் முடிந்து, சொந்தக்காரர்களும் போய், நாங்கள் பின் அறைக்கு வந்தோம். உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல இருந்தது. அடுத்த நாள் காலை தேநீர் குடித்துவிட்டு, வழக்கம்போல மீனுக்குத் தீன் போடப் போனேன். வீட்டின் பின்கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அந்த வீட்டுக் கதவை நான் ஒருநாளும் தட்டியதில்லை. மெதுவாகத் தட்டினேன்.

"ஆரு?" மகளின் குரல்.

"நான்தான் மகள். மீனுக்குத் தீன் போட வந்தன்."

"நான் போட்டுட்டன் வாப்பா. நீங்க ஆறுதலா இரிங்க."