இல்லாத அலுவலகத்தின் லோகோ

காலை ஃபூல் என்கிற அவரை மசியலும் ரொட்டியும் ஆனதும் சஃபினாஸ் வெளியே போகும் செருப்பை மாட்டிக்கொண்டு, வரைபடக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வாள். படுக்கையறையிலிருந்து கூடம்வரைதான் பயணம். அங்கே கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கும் ஹில்மி எழுந்து நின்று, "வாங்க மேடம், டிசைன் ஆச்சா?" என்பார். கட்டிய மனைவியை அவருக்கு அடையாளம் தெரியாமல் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

அலெக்சாந்திரியாவில் பிஸ்கட் பொட்டலம், மருந்துக்கடை லோகோ என்று வரைந்து பிழைப்பவள் அவள். அவர், அடுத்தவர் கையெழுத்துக்குக் கட்டடம் வரைந்தே அரசாங்கத்தில் ஓய்வு பெற்ற ஆர்க்கிடெக்ட். சொந்த நிறுவனம் என்பது கல்யாணமான புதிதில் இருவரும் கண்ட கனவு. அவர் கணக்கில் அது அடுத்த வாரம் திறக்கப்போகிறது, லோகோதான் பாக்கி.

அவளும் ஒப்புக்கு வரைவதில்லை. விசிட்டிங் கார்டில் கோடு மங்குமா, கட்டுமானப் பலகையில் வைத்தால் தெருமுனையிலிருந்து தெரியுமா, ஹெல்மெட் வளைவில் நெளியுமா என்று அச்செடுத்துப் பார்ப்பாள். அவரும் லேசுப்பட்டவரில்லை. "நீலமா? நாம என்ன தண்ணி பாட்டிலா விக்கிறோம்?"

அக்கா இனாஸ் தலையில் அடித்துக்கொள்வாள். "இல்லாத கம்பெனிக்கு லோகோவாடி? அவருக்குத்தான் மறதி, உனக்கு என்ன கேடு?"

சஃபினாஸுக்கு ஒரே ஆசைதான். அவர் வாயால் தன் பெயரை இன்னொரு தடவை கேட்டுவிட வேண்டும்.

போன வாரம், ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இரண்டு சுவர்களை வரைந்து கொண்டுபோனாள். ஹில்மி வெகுநேரம் பார்த்தார்.

"இதான் மேடம். ஒரு சுவர் நான். இன்னொண்ணு எங்க வீட்ல. அவ பேரும் கம்பெனி பேர்ல வரணும்."

அவள் பென்சிலை எடுத்தாள். "அவங்க பேர் என்ன சார்? அச்சுக்குக் குடுக்கணும்."

ஹில்மியின் முகம் சுருங்கியது. தெற்கு எகிப்தில் சோஹாக் பக்கத்து மனிதர். வீட்டுப் பெண்ணின் பெயரை அன்னியர் முன்னால் உச்சரிப்பது அங்கே மானக்கேடு. "நல்லா கேட்டீங்க போங்க! வெளியாள்கிட்ட எங்க வீட்டுப் பொம்பள பேரை நான் சொல்லுவேனா? கடைக்குப் போயிருக்கா, இப்ப வந்துருவா. அவளே சொல்லட்டும்."

எல்லாம் மறந்த மனிதருக்கு இது மட்டும் மறக்கவில்லை.

அவர் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அவளும் தன் நாற்காலியைத் திருப்பி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசலைப் பார்த்தாள்.