சுண்டுவிரலில் நின்ற மோதிரம்

நான் இருக்கிற வீடு என்னுடையது அல்ல. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் கட்டினால் பெண்சாதி வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டியது. நானும் அப்படித்தான் ஒரு பெட்டியும் உடுக்க நாலு சாரமும் ஒரு பிள்ளையார் படமும் கொண்டு களுதாவளைக்கு வந்து சேர்ந்தேன். வளவுக்குப் பின்னால் இருக்கிற வெற்றிலைத் தோட்டத்துக்கு இத்தனை வருசமாகத் தண்ணீர் ஊற்றுகிறவன் நான். அதுவும் மனைவியுடையதுதான். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் தகப்பனும் இப்படித்தான் இருந்தார்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் மகன், இளையவள் மகள். மகனும் ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கேயோ ஒரு வீட்டுக்குப் போவான், மகளுக்கு இந்த வீடு என்று நாங்கள் நினைத்திருந்தோம். அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மகன் படிக்கிற வயதிலேயே கட்சிக்குப் போய்விட்டான். முதலில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தல் சொல்லித் திரிந்தான். குரல் நல்ல குரல். கோயிலில் தேவாரம் படித்த குரல். பிறகு ஊர்க்கிளைக்குச் செயலாளர். வாவியில் வாகனமும் ஆட்களும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகிற மிதவை ஒன்று உண்டு, நாங்கள் அதைப் பாதை என்போம். ஒருமுறை அதன் எஞ்சின் பழுதாகி, அக்கரையில் இருக்கிற படுவான்கரைச் சனம் ஆஸ்பத்திரிக்கும் வரமுடியாமல் கிடந்தது. இவன் ஒரு பெரிய அதிகாரியின் அறை வாசலில் போய்க் குந்தினான். திட்டினாலும் எழும்பவில்லை, தேத்தண்ணி கொடுத்தாலும் எழும்பவில்லை. எஞ்சின் வந்தது. அதற்குப் பிறகுதான் கட்சி அவனை மாவட்ட இளைஞர் அணிக்கு அமைப்பாளர் ஆக்கியது. விதவைச் சம்பளம், காணிப் பிரச்சினை, பிறப்புப் பத்திரம் என்று விடிந்தால் எங்கள் வாசலில் ஆள் நிற்கும். மனைவிக்குத் தேயிலை வாங்கி மாளாது.

ஒருநாள் உரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கைபேசியை நீட்டினார்.

"அண்ணே, உங்கட மகன் பேசுறான். பாருங்க."

புளியந்தீவில் நடந்த கூட்டம். ஆணை விரும்புகிற ஆண், பெண்ணை விரும்புகிற பெண், உடம்பு ஒன்றும் மனம் ஒன்றுமாகப் பிறந்தவர்கள், இவர்களைக் குற்றவாளி என்கிற சட்டம் வெள்ளைக்காரன் எழுதிவைத்தது, அதை எடுக்கவேண்டும் என்று பேசினான். வீட்டைவிட்டு அடித்துக் கலைக்கப்பட்ட ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னான். கடைசியில், "நான் வேற ஆருக்காகவும் பேச வரல்ல. நானும் அப்படித்தான்" என்றான்.

கடையில் நின்ற ஒருவர், "பெடியனுக்குப் பொண்ணு தேடுற அலைச்சல் உங்களுக்கு மிச்சம் மச்சான்" என்றார். சிரித்தார்கள். நான் உரம் வாங்காமல் வந்துவிட்டேன்.

பின்னேரம் மகன் வந்தான். மோட்டார் சைக்கிளை நிறுத்தமுன் கேட்டேன்.

"மெய்தானா மனே?"

"ஓம் அப்பா."

"எப்ப இருந்து?"

"அறிவு தெரிஞ்ச காலத்தில இருந்து. நீங்க கடையில கேள்விப்பட முதல் வீட்டில சொல்ல நினைச்சன். வாய் வரல்ல."

மேடையில் அப்படிப் பேசுகிறவனுக்கு வீட்டில் வாய் வரவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவனுக்கும்தான். மனைவி குசினியில் இருந்து வந்து, "தேத்தண்ணி ஆறுது. குடிச்சுப்போட்டு ரெண்டு பேரும் அழுங்க" என்றாள். அவளுக்கு முதலே தெரியுமோ என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலைப் பூசைக்குப் போய்ப் பிள்ளையாருக்கு முன்னால் நின்றேன். நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரிடம் கேட்பதுதான். ஆனால் கலியாணம் கட்டாத சாமியிடம் போய், என் மகன் ஏன் கலியாணம் கட்டமாட்டான் என்று எப்படிக் கேட்பது? வாயை மூடிக்கொண்டு கும்பிட்டேன். அவனை ஒருவரும் அடித்துவிடக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

கட்சிப் பெரியவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். "தம்பி, நீ சொல்றது சரி. ஆனா தேர்தல் முடியட்டுமே" என்றார்கள். இவன், "எந்தத் தேர்தல் ஐயா? அது முடிய அடுத்தது வருமே" என்றான். பிரதேச சபைக்கு வேட்பாளராக அவன் பெயர் போடவில்லை. ஆனால் வேலை செய்ய அவனை விட்டால் ஆள் இல்லை. மாவட்டத் துணைச் செயலாளர் என்று பதவியைக் கூட்டிக் கொடுத்தார்கள். பதவி கூடியது, சபையில் உட்காரக் கதிரை இல்லை. அவன் சிரித்துக்கொண்டே போனான். எங்கள் வாசலுக்கு இப்போது வேறு ஆட்களும் வந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு வருகிற பிள்ளைகள். மனைவி அவர்களுக்கும் தேத்தண்ணி ஊற்றினாள்.

அந்த நேரத்தில்தான் மகளுக்குப் படுவான்கரையில் இருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பாடசாலை ஆசிரியர், நல்ல குணம். மகளுக்கும் பிடித்தது. எல்லாம் பேசி முடிகிற நேரம் மாப்பிள்ளையின் தாய் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சம்மந்தி, என்ட மகன் வந்து இருக்கப்போற வீடு. உங்கட மகன் அதில இருக்கப்படாது. கலியாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாவும் நிக்கப்படாது. எங்கட பக்கத்து ஆக்கள் கதைப்பாங்க."

கலியாணத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டு வாசல் கடப்படிக்கு வந்ததும், பெண்ணின் சகோதரன் செம்பில் தண்ணீர் எடுத்து அவர் காலைக் கழுவவேண்டும். அவர் இவனுக்கு மோதிரம் போடவேண்டும். பிறகு இவன் கைபிடித்து உள்ளே கூட்டி வருவான். அதுதான் தோழன். அந்த வேலைக்கு என் மனைவியின் தங்கச்சி மகனை விடச் சொன்னார் மாப்பிள்ளையின் தாய்.

நான் வெற்றிலைத் தட்டை எடுத்து நீட்டினேன். ஒத்துக்கொண்டதாக அவர் எடுத்துக்கொண்டார். மகனுக்கு எப்படியோ கதை போய்விட்டது.

"நான் டவுனில கட்சி ஒபிசுக்கு மேல ஒரு அறையில இருக்கன் அப்பா. எனக்கும் ஒரு வீடு வேணும்தானே. மற்ற ஆம்பிளையள் பொண்சாதி வீட்டுக்குப் போறாங்க. நான் கட்சி வீட்டுக்குப் போறன்."

பகிடியாகத்தான் சொன்னான். பந்தலுக்கும் கதிரைக்கும் சமையலுக்கும் அவனே ஓடி எல்லாம் ஒழுங்கு செய்தான். கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் பையைக் கொழுவிக்கொண்டு போனான். மகளுக்கு இதில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கலியாணப் பிள்ளை மனம் நோகக்கூடாது என்று நானும் மனைவியும் மறைத்தோம். அந்தக் கிழமைதான் வீட்டை மகளின் பெயருக்கு எழுதிக் கொடுத்திருந்தோம். எழுதிவிட்டு, வீட்டுக்காரியைக் கேளாமல் வீட்டில் யார் இருப்பது என்று நாங்கள் தீர்மானித்துக்கொண்டிருந்தோம்.

காலையில் மகள் கூறை உடுத்திக்கொண்டு ஜன்னலால் பார்த்தாள். கடப்படியில் செம்போடு நிற்பது சித்தி மகன்.

"அண்ணன் எங்க?"

மனைவி சொல்லிவிட்டாள். மகள் அழவில்லை. என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, வீடு என்ட பேருக்கு எழுதியாச்சா?"

"எழுதியாச்சு புள்ள."

"மறுகா ஆரைக் கேட்டு அண்ணனைப் போகச் சொன்னீங்க? அவன் வந்து தண்ணி ஊத்தாம ஒருத்தரும் உள்ளுக்கு வரப்படாது. அவனுக்கு ஃபோன் எடுங்க."

மட்டக்களப்பு டவுனில் இருந்து எங்கள் ஊருக்கு எவ்வளவு வேகமாக வந்தாலும் முக்கால் மணித்தியாலம். அதற்குள் வாவியில் பாதை கரைக்கு வந்து, மேளத்தோடு மாப்பிள்ளை வீட்டார் கடப்படிக்கு வந்துவிட்டார்கள். உள்ளே ஐயர், "நேரம் போகுது, நேரம் போகுது" என்று சத்தம் போட்டார். வெயில் ஏறியது. மாப்பிள்ளையின் தாய் கேட்டார்.

"என்ன சம்மந்தி சுணக்கம்?"

பிள்ளையாரை நினைத்துக்கொண்டேன்.

"என்ட மகன் வாறான். அவன் வந்துதான் கால் கழுவுவான்."

"கதைச்சது அப்படி இல்லையே!"

"கதைச்சது நாம. வீடு புள்ளைட. அவள் சொல்லிப்போட்டாள்."

மேளம் நின்றுவிட்டது. அவர் மகனைப் பார்த்தார். மாப்பிள்ளை தலைப்பாகையோடு வியர்த்துக்கொண்டு நின்றார். குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மணல் சுட்டிருக்கும்.

"நிப்பம் அம்மா. வீட்டுக்காரி சொல்றதை முதல்நாளே கேக்காட்டி, மறுகா நான் எங்க போய் இருக்கிற?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஒருத்தி, "இவர் இப்பவே பழகிட்டார்கா" என்றாள். தாய் சிரிக்கவில்லை. ஆனால் திரும்பிப் போகவும் இல்லை.

மகன் வந்தான். கசங்கின சேர்ட், தலையெல்லாம் புழுதி. ஒருவரோடும் கதைக்காமல் சித்தி மகனிடம் செம்பை வாங்கினான். மாப்பிள்ளையின் காலில் ஊற்றும்போது செம்பு சரிந்து தண்ணீர் வேட்டியெல்லாம் பட்டது.

"மெல்ல மச்சான், நான் குளிச்சிட்டுத்தான் வந்தன்" என்றார் மாப்பிள்ளை.

பிறகு மோதிரம். அது சித்தி மகனின் விரலுக்கு நூல் அளந்து செய்தது. அவன் முருங்கைக்காய் போல மெலிந்த பெடியன். என் மகனுடைய மோதிர விரலில் பாதியில் நின்றுவிட்டது. மாப்பிள்ளை தள்ளிப் பார்த்தார், திருகிப் பார்த்தார். உள்ளே ஐயர் கத்துகிறார்.

"அமத்தித் தள்ளாத மகன், அந்தப் பிள்ளைட விரல் வீங்கும்" என்று மாப்பிள்ளையின் தாய் முன்னுக்கு வந்தார். "சின்ன விரலில போடு."

சுண்டுவிரலில் சரியாக ஏறியது. மகன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தான்.

கிழக்குப் பக்கத்து அறை இப்போதும் அவனுடையதுதான். காலையில் வாசலில் ஆள் நிற்கும், மருமகன் எழும்பி வந்து கதிரை எடுத்துப் போடுவார். அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறது, இவனும் இன்னும் பேசிக்கொண்டு திரிகிறான். அவன் வீடு வந்து சேரும்வரை எனக்குப் பயம்தான். அவன் பேசும் வீடியோவை இப்போது நானே கைபேசியில் பார்ப்பேன். கையை வீசிப் பேசும்போது சுண்டுவிரலில் அது மினுங்கும்.

போன சித்திரைக்கு மாப்பிள்ளையின் தாய் பலகாரத்தோடு வந்தார். அவன் கையைப் பார்த்துவிட்டு, "அதைக் கழட்டித் தா மனே, பத்தரிட்டக் குடுத்துப் பெருப்பிச்சுத் தாறன்" என்றார்.

"வேணாம் மாமி. இது இப்ப எனக்கு அளவு" என்றான் மகன்.