இல்லாத மலையில் மீட்புப் பணி

இல்லாத மலையிலிருந்து ஆட்களைத் தூக்கி வருவதுதான் என் பக்கத்தொழில். டென்மார்க்கில் மலை கிடையாது. ஆனால் நான் வசிக்கும் தீவில், கடலோரமாகச் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. அதன் உச்சியிலிருந்து கடற்கரைக்கு மரப்படிகள் இறங்குகின்றன. மாரியில் அந்தப் படிகள் முழுக்கப் பனிக்கட்டி. பகலில் நான் யன்னல் தொழிற்சாலைத் தொழிலாளி. இடுப்பில் பேஜர் அலறினால் தீயணைப்பு நிலையத்துக்கு ஓடும் பகுதிநேர மீட்புக்காரன். பனியில் ஒருமுறையாவது சறுக்கி விழுந்த வாசகர்களுக்கு மிச்சத்தை நான் விளக்கத் தேவையில்லை.

சொந்தப் பொறுப்பு

மாரி வந்ததும் படிவாசலில் சங்கிலி போட்டு, 'இறங்கினால் சொந்தப் பொறுப்பு' என்று ஒரு பலகையும் தொங்கவிடுவார்கள். டேனிஷ்காரருக்கு அது அழைப்பிதழ் மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பதி சங்கிலியைத் தாண்டி இறங்க, மனைவி கணுக்காலை முறித்துக்கொண்டார். காற்று முகத்தை அறுக்க, நாங்கள் கயிறு கட்டி அந்த அம்மாவை மேலே இழுத்தோம். பலகையைப் பார்க்கவில்லையா என்று கணவரைக் கேட்டேன். பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றிக்கொண்டே அமைதியாகச் சொன்னார்: "பார்த்தோம். உங்களைக் கூப்பிடக்கூடாது என்று அதில் போடவில்லையே."

கயிறும் போனும்

இலங்கையில், வன்னியில் சண்டை முடிகிற குளிர்காலம் வந்தது. என் தங்கை வசந்தி பிள்ளைகளோடு உள்ளே அகப்பட்டிருந்தாள். யாரிடமாவது ஒரு போன் கிடைத்தால் அவள் எங்களுக்கு அழைப்பு எடுப்பாள். நாங்கள் திருப்பி எடுக்க முடியாது. ஒருமுறை தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது, அடுத்தது உண்டா என்றும் தெரியாது. குளிக்கப் போனாலும் போன் கூடவே வந்தது. உங்களிலும் எத்தனையோ பேர் அப்படித்தான் குளித்திருப்பீர்கள்.

மீட்புக்குப் போகும்போது சொந்தப் போன் லொக்கரில் இருக்கவேண்டும் என்பது விதி. நான் அதை உள்சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போனேன். எங்கள் தலைவர் யென்ஸ் கண்டுபிடித்துவிட்டார். அவர் கோபிக்கவில்லை. கயிறு கையில் இருக்கும்போது போன் அடித்தால் என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டார். பொய் சொல்லத்தான் நினைத்தேன், "தெரியாது" என்றுதான் வாயில் வந்தது. மனிதர் தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அப்படியென்றால் நீ இனிக் கயிறு பிடிக்க வேண்டாம். போனை வைத்துக்கொள். கீழே இறங்கி, அடிபட்டவரோடு கதைத்துக்கொண்டிரு."

லைனை விடுங்கோ

அப்படி நான் கீழே இறங்கிய ஒரு நாளில், படியடியில் கால் முறிந்து கிடந்தவர் ஒரு தமிழர். இஷொய் நகரிலிருந்து வந்த செல்வநாதன் அண்ணை. வீட்டில் எல்லோரும் ரிவிச் செய்திக்கு முன்னால் அழுதுகொண்டிருக்க, மூச்சுமுட்டி, காரை எடுத்துக்கொண்டு நடக்க வந்தவர். காலையில் விழுந்திருக்கிறார். மதியம் தாண்டி, நாயோடு நடந்த ஒரு பெண் கண்டுதான் எங்களுக்கு அறிவித்தாள். உதடு நீலமாகியிருந்தது. கையில் போன் இருந்தது.

"ஏன் அண்ணை 112 அடிக்கேல்லை?"

"அக்கா உள்ளுக்கை நிக்கிறா, தம்பி. நான் கதைக்கேக்கை அவ எடுத்திட்டா? போன் பற்றரியும் முடியப்போகுது."

டேனிஷ்காரர் யாராவது கேட்டிருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். நான் தலையாட்டிவிட்டுத் தூக்குப்படுக்கையை விரித்தேன்.

தூக்குப்படுக்கையில் கையையும் சேர்த்துத்தான் பட்டி போடவேண்டும். நான் போனை வாங்கி என் பொக்கற்றில் வைத்துக்கொள்வதாகச் சத்தியம் செய்த பிறகுதான் கையை உள்ளே விட்டார். மற்றப் பொக்கற்றில் என்னுடையது. பாதிப் படியில் ஒன்று அடித்தது. இரண்டுக்கும் ஒரே மணிச்சத்தம். நான் இரண்டு பொக்கற்றையும் தடவினேன். அவருடையதுதான். எடுத்துக் காதில் வைத்தால் அவர் மனைவி: "அக்கா எடுத்தவவோ?" மனைவிதான் என்று நான் சொல்ல, செல்வநாதன் அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். "லைனை விடச் சொல்லுங்கோ, தம்பி."

இரண்டு கை

வைகாசியில் எல்லாம் முடிந்தது. செல்வநாதன் அண்ணையின் அக்கா அகதி முகாமுக்கு வந்து சேர்ந்துவிட்டா. அவரே போன் எடுத்துச் சொன்னார். சந்தோசப்பட்டேன், பொறாமையும் பட்டேன். பிறகு அதே முகாமிலிருந்து வசந்தியின் அயலவர் ஒருவர் எடுத்தார். ஷெல் விழுந்த பிறகு அவளும் பிள்ளைகளும் கிடந்த பங்கரை அவர் கண்ணால் கண்டிருக்கிறார்.

அடுத்தமுறை பேஜர் அடித்தபோது, யாரும் சொல்லாமலே போனை லொக்கரில் வைத்துப் பூட்டினேன். யென்ஸ் அதைப் பார்த்தார். நல்ல மனிதர், முகம் மலர்ந்துவிட்டது. தோளில் தட்டிச் சொன்னார்: "தங்கை எடுத்துவிட்டாள் போல. நல்லது. இன்றைக்கு நீ கயிறு பிடி."

அன்றிலிருந்து இந்த இல்லாத மலையில் என்னை நம்பி யாரும் தொங்கலாம். இரண்டு கையும் சும்மாதானே இருக்கின்றன.