வாய்க்குள் கத்தி

பல் ஆஸ்பத்திரியின் நாற்காலி வரிசையில் எங்கள் சூப்பர்வைசர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை என்னால் மறக்க முடிந்ததில்லை. பொம்மசந்திராவில் நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலையில், அவர் குரல் கேட்டாலே லேத் மெஷின் முன்னால் நிற்பவர்கள் முதுகை நிமிர்த்துவார்கள். அந்த மனிதரின் விரல்கள் அன்று சில்லிட்டிருந்தன. "உள்ள நீயும் வா தம்பி. என்னைத் தனியா விட்டுடாத" என்றார். அவர் யாரிடமும் எதையும் கேட்டு அதுவரை நான் பார்த்ததில்லை.

அவருடைய கீழ்வரிசை முன்பற்கள் இரண்டில் ஈறு இறங்கி, வேர் மஞ்சளாக வெளியே தெரிந்தது. டீ பட்டால் கூசும். காற்றுப் பட்டாலும் கூசும். மாதக்கணக்கில் அதை மறைத்தே வைத்திருந்தார். பேசும்போது கையால் வாயை மூடிக்கொள்வதை நாங்கள் சிடுசிடுப்பு என்று நினைத்திருந்தோம். ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் பஸ்ஸில்தான் விஷயத்தைச் சொன்னார். அவருடைய அண்ணனுக்கு வாயில் புற்றுநோய்ப் புண் வந்து ஆபரேஷன் செய்தார்களாம். அண்ணன் பிழைக்கவில்லை. "கத்தி பட்டதும் பரவிடுச்சி தம்பி. எனக்கும் இப்படித்தான் ஆரம்பிக்குது." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணன் கதையைக் கேட்டுவிட்டு டாக்டரம்மா நாக்கு, கன்னத்தின் உட்புறம் எல்லாம் தடவிப் பார்த்தார். "உங்க அண்ணனுக்கு வந்தது வேற நோய் சார். இது அது இல்ல. ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்றார் கன்னடம் கலந்த தமிழில். பிறகு எப்படிப் பல் தேய்ப்பீர்கள் என்று கேட்டார். சூப்பர்வைசர் கையை இறுக்கி மூடிச் செய்து காட்டினார். "பல்லையா தேய்க்கறீங்க, பாத்திரத்தையா? அழுத்தித் தேய்ச்சுத்தான் ஈறு இறங்கியிருக்கு" என்றார் டாக்டரம்மா. எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

வழிகளை டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். பக்கத்துப் பல்லின் ஈறையே நகர்த்தி மூடலாம். ஆனால் சூப்பர்வைசருடைய ஈறு மெல்லியது, கிழிந்துவிடும். மேலண்ணத்திலிருந்து, அதாவது வாயின் உட்கூரையிலிருந்து, சிறிது சதை எடுத்து வேரின் மேல் வைத்துத் தைக்கலாம். அண்ணத்தைத் தொட வேண்டாமென்றால், விலங்கின் தோலிலிருந்து தயாரித்த சவ்வை வைத்தும் தைக்கலாம். எதுவும் செய்யாமல், மெதுவாகத் தேய்த்துக்கொண்டு காத்திருந்தும் பார்க்கலாம்; ஈறு மேலும் இறங்கினால் பல் ஆடத் தொடங்கும். சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லுய்யா." நான் ஒன்று சொல்லி, அது அவருக்குக் கெடுதலாய் முடிந்தால்? கடைசியில் அவரே சொன்னார்: "என் சதையையே எடுங்கம்மா."

ஆபரேஷன் எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது. பயங்கரம் மறுநாள் வந்தது. அவர் குடும்பம் தர்மபுரியில். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஹெப்பகோடியில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். ஷிப்ட் முடிந்து, ஆறிய கஞ்சியோடு போனேன். கதவு திறந்திருந்தது. குளியலறை வாசலில் உட்கார்ந்து, குனிந்து துப்பிக்கொண்டிருந்தார். வாளித் தண்ணீர் முழுக்கச் சிவப்பு. அண்ணத்தில் சதை எடுத்த இடம் திறந்துகொண்டிருந்தது. "அண்ணனுக்கும் இப்படித்தான். என் பையனுக்கு போன் போடுய்யா" என்றார். சொற்களோடு ரத்தமும் வழிந்தது.

நான் டாக்டரம்மாவுக்குப் போட்டேன். பஞ்சுத் துணியை நனைத்து மடித்து அண்ணத்தில் வைத்து அழுத்தச் சொன்னார். "துப்ப விடாதீங்க. எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க. நிக்கலன்னா உடனே கூட்டிட்டு வாங்க."

அவர் வாய்க்குள் என் விரல். இத்தனை நாள் என்னைத் திட்டிய வாய். அவருடைய மூச்சு சூடாக என் கைமேல் பட்டது. கண்கள் என் முகத்தை விட்டு அகலவில்லை. அவர் பார்க்கிறார் என்பதற்காகவே நான் முகத்தில் எதையும் காட்டாமல் இருந்தேன். விரல் மரத்துப்போனது. இந்தத் துணியை எடுக்கும்போது என்ன நடக்குமோ என்ற நினைப்பிலேயே இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அழுத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் எடுத்தபோது, துணி சிவந்திருந்தது. அண்ணத்தில் புதிதாக எதுவும் ஊறவில்லை. அவர் அழுதார். நான் வாளியைக் கொட்டப் போனேன். அங்கே நின்று நானும் அழுதேன்.

ஒட்டவைத்த சதை பிடித்துக்கொண்டது. ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்வரை அந்தப் பற்களால்தான் எங்களைத் திட்டினார்.

போன மாதம் எனக்கும் அதே ஆபரேஷன் என்று முடிவானது. அவருக்கு போனில் சொன்னேன். என்றைக்கு என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். ஆபரேஷன் அன்று காலை தர்மபுரி பஸ்ஸில் வந்து இறங்கி, நான் போகும் முன்பே ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். வாயில் தையலோடு நான் வெளியே வந்தபோது, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தும் அவர் சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"பேசாதய்யா" என்றார். "என் அறையில அன்னிக்கே பயம் முடிஞ்சிதுன்னு நெனச்சேன். உள்ள நீ இருக்கும்போதுதான் தெரிஞ்சிது, அன்னிக்குத் துணிய அழுத்திக்கிட்டிருந்தப்ப உனக்கு எப்படி இருந்திருக்கும்னு."