மூன்றாம் எண்ணுக்கு வந்த குரல்

ட்வைலா ரென்ஃப்ரோவை எங்கள் மிசோரிப் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. ஒன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பனி கொட்டினாலும் ஓடை பெருகிப் பாலத்தின் மேல் ஓடினாலும், ஏற்றிய ஒவ்வொரு பிள்ளையையும் அதனதன் வாசலில் இறக்காமல் வீடு திரும்பியதில்லை. மாலையில் வண்டியை நிறுத்தியதும் கடைசி வரிசை வரை நடந்து, ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்ப்பாள். தூங்கிப்போன பிள்ளை யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பின்கண்ணாடியில் ‘வண்டி காலி’ என்ற அட்டையை மாட்டுவாள். மற்ற ஓட்டுநர்கள் போகிற போக்கில் மாட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். இவள் குனிவாள்.

அப்பேர்ப்பட்டவள் போன ஆகஸ்டில் பெற்ற மகளை ஒரு பெட்ரோல் பங்கில் விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

ஐந்து பிள்ளைகள். மூன்றாவது கெட்டூரா, ஆறு வயது. அவள் அப்பாவோடு கழிப்பறைக்குப் போயிருக்கிறாள் என்று ட்வைலா நினைத்தாள். பின்வரிசையில் தூங்குகிறாள் என்று புருஷன் வெர்ன் நினைத்தான். பதின்மூன்று நிமிடம் போனதும் நாலு வயது மீக்கா, “கெட்டூரா எங்க?” என்று கேட்டான். திரும்பிப் போகப் பதின்மூன்று நிமிடம். பங்கின் வாசலில் பனிக்கட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் கெட்டூரா நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ட்வைலாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எங்கள் தேவாலயச் சபையில் யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக மூன்று பெண்கள், பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட மக்ரோனியைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். சாவு விழுந்த வீட்டுக்குத்தான் எங்கள் ஊரில் அதைக் கொண்டுபோவார்கள்.

அன்றிலிருந்து கெட்டூரா ராத்திரியில் காலணியைக் கழற்றாமல் தூங்குகிறாள். வேன் கிளம்பும்போதெல்லாம், “அம்மா, நான் ஏறிட்டேன்” என்று சொல்கிறாள். இனிமேல் ஒருநாளும் விட மாட்டேன் என்று ட்வைலா அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாள். பல் வைத்தியர் வலிக்காது என்று சொன்னால் பிள்ளைகள் எப்படித் தலையாட்டுமோ, அப்படித் தலையாட்டினாள் கெட்டூரா.

வசந்தத்தில் சபை அறிவிப்புத் தாளில் அந்த விளம்பரம் வந்தது. ஓசார்க் மலையில் ஒரு சுண்ணாம்புக் குகைக்குள் வேதாகமக் காட்சியகம். படைப்பிலிருந்து வானவில் வரை ஐந்து கூடங்கள். “அஞ்சு புள்ளைங்களை இருட்டுக் குகைக்குள்ள கூட்டிட்டுப் போகணும்கிற, அதுவும் நீ” என்று வெர்ன் சிரித்தான். சொன்ன பிறகுதான் கடைசி இரண்டு சொல் கூடிப்போனது அவனுக்குப் புரிந்தது. ட்வைலா சிரிக்கவில்லை. கூட்டம், இருட்டு, ஐந்து பிள்ளைகள். இதில் எல்லோரையும் கொண்டுபோய்க் கொண்டுவந்துவிட்டால் அந்தக் குழந்தை தன்னை மறுபடி நம்பும் என்று அவள் தனக்குள் ஒரு பரீட்சை வைத்துக்கொண்டாள். அசட்டுத்தனம்தான். ஆனால் தாய் மனசுக்கு அதை யார் சொல்வது?

மூன்று வாரம் சமையலறை மேசையில் திட்டம் நடந்தது. தள்ளுவண்டிக்கு வழி உண்டா, உள்ளே குளிருமா, குழந்தை தூங்கும் நேரத்துக்கு எந்தக் கூடம் வரும் என்று காட்சியக அலுவலகத்துக்கு நாலு தடவை போன் செய்தாள். பிள்ளைகள் பயப்படும்படி ஏதாவது உண்டா என்று கேட்டபோது எதிர்முனைப் பெண் கொஞ்சம் தயங்கினாள். பயங்கரமான பொம்மை எதுவும் கிடையாது, வெள்ளக் கூடத்தில் மட்டும் உலகமே மூழ்கிய வெள்ளத்தில் மிதந்த பேழை என்ற மரக்கப்பலுக்கு உள்ளே நாம் நிற்போம், வெளியே விடப்பட்டவர்கள் கதவைத் தட்டும் சத்தம் கேட்கும் என்றாள். “அப்புறம் ஒரு நிமிஷம் விளக்கை அணைப்போம்மா. அங்கதான் சில புள்ளைங்க அழும்.” அந்தக் கூடத்தை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியாதா என்று ட்வைலா கேட்டாள். முடியாதாம், ஒரே வழிதானாம்.

ஆளுக்கொரு மஞ்சள் டி-ஷர்ட் வாங்கி, நெஞ்சில் வெள்ளைப் புறாவை இஸ்திரி போட்டு ஒட்டினாள். பிள்ளைகளுக்கு எண்கள் ஏற்கனவே இருந்தன. பிள்ளைகள் நிறைய உள்ள எங்கள் வீடுகளில் இது வழக்கம். தாய் “எண்ணுங்க” என்றால், பிறந்த வரிசைப்படி ஒவ்வொன்றும் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். ஆஷர் ஒன்று, டிர்ஸா இரண்டு, கெட்டூரா மூன்று, மீக்கா நாலு. கைக்குழந்தை சைலஸுக்குப் பேச்சு வரவில்லை, அவனுக்காக ட்வைலாவே ஐந்து சொல்வாள். வீட்டு நடையில் விளக்கை அணைத்துவிட்டு ஒத்திகை நடந்தது. மூன்று என்ற குரல்தான் எல்லாவற்றையும்விட உரக்க வந்தது.

போன அன்று குகை வாசலில் பார்த்தால் எங்கும் மஞ்சள். ஆர்க்கன்சாவிலிருந்து, வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் குடும்பங்கள் ஒரு கூட்டமாக வந்திருந்தன. அவர்களும் அதே மஞ்சளில். நம் கட்சிக்கு ஆள் சேர்ந்துவிட்டது என்றான் வெர்ன். ட்வைலா பிள்ளைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சட்டை ஏமாற்றினாலும் எண் ஏமாற்றாது என்று தேற்றிக்கொண்டாள். அந்தக் கூட்டத்திலும் ஒரு தாய் நின்று எண்ணச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது இவளுக்குத் தெம்பாகக்கூட இருந்தது.

முதல் கூடங்கள் நல்லபடியாகப் போயின. வெர்ன் சைலஸைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். ட்வைலா பை நிறைந்த தள்ளுவண்டியைத் தள்ள, பிள்ளைகள் அதன் வாரைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். அப்படியே, ஆர்க்கன்சாக் கூட்டத்தில் முந்திக்கொண்ட சிலரோடு வெள்ளக் கூடத்துக்குள் நுழைந்தார்கள்; மற்றவர்கள் அடுத்த முறைக்காக வெளியே நின்றார்கள்.

மூன்று பக்கமும் மரச்சுவர். ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு கதவு. பாறையிலிருந்து நிஜமாகவே நீர் சொட்டியது. அங்கி போட்ட வழிகாட்டி, இந்தக் கதவை உள்ளே இருந்தவர்கள் சாத்தவில்லை, கர்த்தர் சாத்தினார் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கினான். தட்டல் தொடங்கியது. முதலில் அக்கம்பக்கத்தார் தட்டுவது போல மெதுவாக. பிறகு பல கைகள். பிறகு தாழ்வாக, கதவின் அடிப்பக்கத்தில், சிறிய கைகள். கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு பின்வாங்கியது. விளக்கு அணைந்தது.

குகை இருட்டு வேறு மாதிரி. கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்று நமக்கே தெரியாது. தட்டலும் நின்றுபோனது. அது தட்டலைவிட மோசமாக இருந்தது. ட்வைலா தாழ்ந்த குரலில், “எண்ணுங்க” என்றாள்.

“ஒண்ணு.”

“ரெண்டு.”

சின்ன இடைவெளி. “மூணு.” குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. குளிர், சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

“நாலு.”

ஐந்தைத் தானே சொல்லி, கர்த்தருக்கு நன்றியும் சொன்னாள்.

விளக்கு வருவதற்குள் கூட்டம் அவர்களை அடுத்த வழிக்குள் தள்ளிக்கொண்டு போனது. அங்கே நீல விளக்கு மட்டும், அதுவும் மங்கல். சுவரெல்லாம் தண்ணீர் அசைவது போல நிழல். பத்தடி போனதும் ட்வைலாவுக்குப் பிடரி குறுகுறுத்தது. திரும்பினாள். கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன உருவம் நின்றுகொண்டிருந்தது. நீல வெளிச்சத்தில் சட்டை சாம்பலாகத் தெரிந்தது, முகம் தெரியவில்லை. இவள் நடந்தால் அதுவும் நடந்தது. இவள் நின்றால் நின்றது. ஒரு வார்த்தை இல்லை, காலடிச் சத்தமும் இல்லை.

மறுபடி எண்ணச் சொன்னாள். நான்கு குரலும் மளமளவென்று வந்தன. தன் பிள்ளைகள் எல்லாம் இருக்கின்றன. அப்படியானால் அது யாருடையது? பேருந்து ஓட்டிய காலத்துக் குரலில், கனிவாகத்தான் சொன்னாள்: “கண்ணு, உன் ஆளுங்க பின்னால இருக்காங்க. அவங்ககிட்ட போ.”

உருவம் அசையவில்லை.

“போ தங்கம். உன் அம்மா தேடுவாங்க.”

அது சற்று நேரம் நின்றது. பிறகு திரும்பி இருட்டுக்குள் போனது. என்ன தாயோ, பிள்ளையை இப்படி விட்டுவிட்டு, என்று ட்வைலா மனசுக்குள் அந்த முகம் தெரியாத பெண்ணைத் திட்டிக்கொண்டே நடந்தாள்.

வானவில் கூடத்தில் கூரை திறந்து நிஜ வெயில் விழுந்தது. வெர்ன் எல்லோரையும் படத்துக்கு நிற்கச் சொன்னான். ட்வைலா குனிந்து மீக்காவின் மூக்கைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். தள்ளுவண்டியின் வாரைப் பிடித்திருந்த மூன்றாவது பிள்ளையின் முகம் முழுக்கப் பழுப்புப் புள்ளி. முன்பல் ஒன்று இல்லை. மஞ்சள் சட்டையில் புறா இல்லை. அந்தப் பிள்ளையும் அப்போதுதான் நிமிர்ந்து இவளைப் பார்த்தது. உதடு கோணியது.

தன் மகள் எங்கே என்ற கேள்வி ட்வைலாவுக்கு எழவே இல்லை. இவள் நின்றால் நின்ற அந்த உருவம்தான் கண்ணுக்கு முன் வந்தது. தான் யாரைப் போகச் சொன்னாள் என்பது சட்டென்று தெரிந்துவிட்டது.

புள்ளிமுகச் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே ஓடினாள். ஒரே வழி, திரும்பக் கூடாது என்று யாரோ தடுத்தார்கள். இவள் நிற்கவில்லை. நீல வழியில் யாரும் இல்லை. வெள்ளக் கூடத்தில் பின்னால் வந்த கூட்டம் நிறைந்திருந்தது, தட்டல் உச்சத்தில் இருந்தது. இவள் உள்ளே கால் வைத்ததும் விளக்கு அணைந்தது. கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் இருட்டில் எவளோ ஒருத்தி அமைதியாக எண்ணச் சொன்னாள்.

“ஒண்ணு.” “ரெண்டு.”

“மூணு.”

வீட்டு நடையில் கேட்ட அதே குரல். எல்லாவற்றையும்விட உரக்க.

விளக்கு வந்தபோது கெட்டூரா அந்நியக் குடும்பத்தின் வரிசையில் மூன்றாவதாக நின்றிருந்தாள். ட்வைலா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். குழந்தை முதலில் அந்தக் குடும்பத்துத் தாயை அண்ணாந்து பார்த்தது, போகலாமா என்று கேட்பது போல. அந்தப் பெண் ட்வைலாவின் கையைப் பிடித்திருந்த தன் மகளைப் பார்த்தாள், தன் வரிசையைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள்.

ட்வைலா ஈரப் பாறையில் மண்டியிட்டாள். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டாள்.

“எனக்கு முன்னாடி வேற யாரோ மூணு சொல்லிட்டாங்க. நீயும் சரின்னு நடந்த” என்றாள் கெட்டூரா. “நான் பின்னாலயே வந்தேன். நீ போன்னு சொன்ன.”

 ட்வைலா வந்த அழுகையை அடக்கினாள். கெட்டூரா தாயின் முகத்தைப் பார்த்தாள்.

“போன்னு சொல்றப்ப என் மூஞ்சியைப் பாத்தியாம்மா?”

பார்த்தேன் என்று சொல்லி, விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சமாளிக்கலாம். வேறு எதையாவது சொல்லி வாயை அடைக்கலாம். பத்தடி நடந்து போய்க் குனிந்திருந்தால் தெரிந்திருக்கும். நடக்கவில்லை.

“இல்லடி. பாக்கல.”

கெட்டூரா அதை யோசித்தாள்.

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு, குழந்தை கையை நீட்டினாள்.