பிசினாறியும் பெருந்தீனியும்

போதகர் கைகளை உயர்த்தி ஆசீர்வாதம் கூறி, சபையார் "ஆமென்" என்று இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஜான்ரோஸின் வலது கை போதகரின் இடுப்புக்குப் போய்விடுகிறது. அங்கிக்குள் தொங்கும் கறுப்பு மைக் டப்பாவைக் கழற்றி, மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் ஒன்பது வோல்ட் பேட்டரியை எடுத்து, சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, அதன் இரண்டு முனைகளையும் நாக்கில் வைக்கிறார். ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார். திருவிருந்தில்கூட அவர் இவ்வளவு பயபக்தியாய் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

"சப்புன்னு இருக்கு மக்கா. எல்லாத்தயும் பிரசங்கத்துக்கே உறிஞ்சிட்டாரு" என்கிறார் என்னிடம்.

பேட்டரியில் உயிர் இருந்தால் நாக்கில் புளிக்கும், இல்லாவிட்டால் சப்பென்றிருக்கும். புளிப்பை வைத்து இன்னும் எத்தனை மணிக்கூர் நிற்கும் என்று ஜான்ரோஸ் சொல்லிவிடுவார். பிரசங்கத்தின் நடுவில் மைக் செத்துப்போன ஒரு ஞாயிற்றுக்குப் பிறகு, ஒவ்வொரு வாரமும் புது பேட்டரி போட வேண்டும் என்று எங்கள் சபைக் கமிட்டி முடிவெடுத்தது. பழையது குப்பைக்கு என்பது கமிட்டியின் எண்ணம். சவுண்ட் பாக்ஸ் பார்க்கிற ஜான்ரோஸுக்கு அது வாராவாரம் வானத்திலிருந்து விழும் மன்னா. முந்தைய போதகர் சுருக்கமாகப் பேசுகிறவர். அந்தக் காலத்தை ஜான்ரோஸ் பொற்காலம் என்கிறார். இப்போதைய போதகர் 'முடிவாக' என்று சொன்ன பிறகு மூன்று முறை முடிப்பவர். "நல்ல மனுசன். பேட்டரியத்தான் பிழிஞ்சிருவாரு" என்பது ஜான்ரோஸ் அவருக்குக் கொடுத்திருக்கும் நற்சான்று.

ஐம்பது தாண்டிய மனிதர். மின்வாரியத்தில் வீடுவீடாய்ப் போய் மீட்டர் பார்க்கும் வேலை. மார்த்தாண்டத்துக்கு மேற்கே எங்கள் பக்கத்து ஊர்களில் அவர் ஏறாத படி கிடையாது. எனக்கு அடுத்த வீட்டுக்காரர் என்பதால் அவருடைய பரீட்சைகளுக்கெல்லாம் முதலில் அகப்படும் பலிகடா நான்தான்.

அவர் சட்டைப்பையை ஒரு பக்கமாய் இழுத்துக்கொண்டு தொங்குவது ரோஸ் நிறச் சோப்பு டப்பா. உள்ளே சோப்பு இல்லை. கைபேசிக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் நின்று பாட்டைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது, அவரே பற்றவைத்தது. "போன்ல நேரா கேக்கது கஞ்சித்தண்ணி. இது கறி" என்பார். அந்த டப்பாவின் உயிர், புளியங்கொட்டை அளவில் எட்டுக் காலோடு இருக்கும் ஓர் ஐ.சி. சில்லு. அதற்கு ஆப்-ஆம்ப் என்று பெயர். மற்றவர்கள் அதை ஒரேயடியாகப் பற்றவைத்துவிடுவார்கள். ஜான்ரோஸ் சாக்கெட்டில் சொருகி வைத்திருக்கிறார். வேண்டும்போது பிடுங்கிவிட்டு வேறொன்றைச் சொருகலாம். வேண்டும்போது என்றால், தினமும்.

இத்தனைக்கும் காரணம் ஓர் ஏப்பம்.

இரண்டு வருடத்துக்கு முன் கிறிஸ்மஸுக்காக எங்கள் சபையின் பாடகர் குழு ஒரு கீதத்தைப் பதிவு செய்தது. ஆலயத்திலேயே இரண்டு மைக் வைத்தார்கள். பெண்கள் நின்ற இடப்பக்கம் ஒன்று, ஆண்கள் நின்ற வலப்பக்கம் ஒன்று. கடைசிச் சரணத்துக்கு முன்பு எல்லாரும் மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு சின்ன மௌனம் வரும். அந்த மௌனத்தின் நட்டநடுவில் யாரோ ஓர் ஏப்பம் விட்டுவிட்டார்கள். சின்னதுதான், ஆனால் குறையில்லாத ஏப்பம். பாடும்போது ஒருவர் காதிலும் விழவில்லை. பாட்டு வாட்சாப்பில் ஏறி வளைகுடா முழுக்கச் சுற்றிய பிறகுதான் தெரியவந்தது. துபாயில் இருக்கும் ஜான்ரோஸின் அக்கா மகன் அனிஷ் போன் செய்து, "மாமா, பாட்டு கொள்ளாம். ஏப்பம் அதவிடக் கொள்ளாம்" என்று மெச்சினான்.

அன்று மதியம் ஒத்திகைக்கு நடுவில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கையும் சாளைமீன் குழம்பையும் மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிட்டவர் ஜான்ரோஸ் என்பதற்குச் சபை முழுவதும் சாட்சி. பாடகர் குழுத் தலைவர் முத்துநாயகம் சார் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கிழங்கையும் ஏப்பத்தையும் கூட்டிப் பார்த்தார். விடை ஜான்ரோஸ் என்று வந்தது. இருபது வருடமாக ஆண்களின் மேல்குரலான டெனர் வரிசையில் நின்று பாடிய மனிதரைச் சவுண்ட் பாக்ஸுக்கு மாற்றிவிட்டார். "அங்க நின்னு எத்தன ஏப்பம் வேணும்னாலும் விடு. முன்னால மைக் இருக்காது" என்று ஆறுதலும் சொன்னார்.

"என் ஏப்பத்த எனக்குத் தெரியாதா மக்கா? பிறந்த நாள்லேருந்து கூட இருக்குதவன். இது அவன் இல்ல" என்று ஜான்ரோஸ் என்னிடம் சத்தியம் செய்தார்.

நான் நம்பினேன். வேறு யாரும் நம்பவில்லை. மீட்டர் பார்க்கப் போகும் வீடுகளில் நாயைக் கட்டிப்போட மறக்கிறவர்கள்கூட, "அண்ணே, இண்ணைக்கும் கெழங்கா?" என்று கேட்க மறப்பதில்லை. வீட்டில் அதைவிட மோசம். மனைவி ஜெபகுமாரி பெண்கள் வரிசையில் ஆல்ட்டோ பாடுகிறவர். "கெழங்கு கொறச்சு தின்னுங்கன்னு சொன்னேனே, கேட்டியளா? சபையில தல நிமிந்து நடக்க முடியல்ல" என்று அன்றைக்கு ஆரம்பித்தது இன்னும் ஓயவில்லை. அந்த வீட்டில் கிழங்கு வேகும் வாசனை வந்து வெகு நாளாகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் பாடும்போது, ஜான்ரோஸ் பின்னால் மிக்சர் பெட்டியின் திருகைப் பிடித்துக்கொண்டு, டெனர் வரியைச் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பாடிக்கொண்டிருப்பார். கேலிக்காரனான நானே அப்போது அந்தப் பக்கம் திரும்பாமல் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்வேன். முத்துநாயகம் சார் ஒரு கதவை மட்டும் திறந்து வைத்திருந்தார். "அது நீ இல்லன்னு காட்டு. அடுத்த ஞாயிறே வந்து டெனர்ல நில்லு." அதற்காகத்தான் இந்தச் சோப்பு டப்பா.

ஜான்ரோஸிடம் இருக்கும் ஐ.சி.களில் இரண்டுதான் முக்கியம். ஒன்றின் பெயர் பிசினாறி. அறுத்த கைக்குச் சுண்ணாம்பு தராத ஜாதி. செத்த பேட்டரியைக் கொடுத்தாலும் நாள்கணக்கில் ஓட்டும். ஆனால் கனமான ஓசை, நுணுக்கமான ஓசை எதையும் வெளியே விடாது. பாட்டு மெலிந்து நூலாக வரும். மற்றது பெருந்தீனி. அதைச் சொருகினால் பாட்டில் ஃபேன் சுற்றுவது, பைபிளின் தாள் புரள்வது, எந்த ஓசை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது வரைக்கும் கேட்கும் என்று ஜான்ரோஸ் சொல்வார். தீனி மட்டும் ஏராளமாக வேண்டும். ஒரே புளிப்புள்ள இரண்டு பேட்டரி வேண்டும், ஒன்று இளைத்தாலும் கரகரக்கும். "ரெண்டு மாடும் ஒண்ணுபோல இழுக்கணும்" என்பார். போதகர் பிழிந்து கொடுத்த பேட்டரியில் பெருந்தீனி இரண்டாம் சரணம் தாண்டியதில்லை. ஏப்பமோ கடைசிச் சரணத்துக்கு முன்னால் இருக்கிறது.

நேராக ஏப்பத்துக்குத் தாவிவிட்டால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கர்த்தருக்குப் பாடுன பாட்டு மக்கா. நடுவுல தாவப்படாது. இருந்து முழுசா கேக்கணும்."

கடையில் புது பேட்டரி வாங்கலாமே என்றேன். அதற்கு ஜெபகுமாரி தடை போட்டிருந்தார். "ஏப்பத்துக்குப் பேட்டரி வாங்குத வீடு லோகத்துல உண்டா? இனி காசு குடுத்து வாங்குனது ஒண்ணு இந்த வாசல் தாண்டி வரட்டு, கெணத்துலதான் கெடக்கும்." அதனால் பழைய பேட்டரிகளுக்கு ஜான்ரோஸ் உபசாரம் செய்ய ஆரம்பித்தார். ஃபிரிட்ஜில் முட்டை வைக்கும் குழிகளில் அவை அமர்ந்தன. ஒருநாள் ஓடிய பேட்டரிக்கு மறுநாள் ஓய்வு. "ஆறு நாள் ஒழச்சா ஏழாம் நாள் மனுசனுக்கே ஓய்வு உண்டு. பேட்டரி பாவம், அதுக்கு ஏழு நாள் தாங்காது." சோப்பு டப்பா ஓடுகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கையும் வெட்டி எறிந்துவிட்டார். வெளிச்சத்தைக் காதால் கேட்க முடியாதாம். ஒருமுறை பெருந்தீனியைத் தலைகீழாய்ச் சொருகிவிட்டு, சூடாகிறதா என்று கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். அதன் நம்பர் ஒரு மாதம் அவர் விரலில் அச்சடித்தாற்போல் இருந்தது. மீட்டர் பார்க்கப் போன இடத்தில் அதைப் பச்சை குத்தியது என்று நினைத்து விசாரித்தார்களாம்.

பலிகடாவின் கதையையும் சொல்ல வேண்டும். என் கண்ணைத் துண்டால் கட்டி, காதில் ஹெட்போனை மாட்டி, மாற்றி மாற்றிச் சொருகி, "இப்ப எப்பிடி இருக்கு? இப்ப?" என்று கேட்பார். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்டது. அண்டைவீட்டு உறவு கெடக்கூடாதே என்று, "இது கொஞ்சம் குளிர்ச்சி" என்று எதையாவது சொல்லிவைப்பேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்குவார்.

இப்படி இருக்கையில் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வசனத்தை வாசித்தார், ஒரு கதை சொன்னார், ஆமென் என்று இறங்கிவிட்டார். சபையார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று வேத பாடம் வாசிக்கும் கை மைக்கும் அதிகம் ஓடவில்லை. இரண்டு பேட்டரிகளையும் நாக்கில் வைத்த ஜான்ரோஸுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மதியம் என்னை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். முன்னறையில் உட்கார்ந்து பெருந்தீனியைச் சொருகினார். பாட்டை ஆரம்பத்திலிருந்து வைத்தார். முதல் சரணம் போனது, இரண்டாவது போனது, டப்பா சாகவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தவர் திடீரென்று இடது காதைப் பிடித்துக்கொண்டார்.

"இடது பக்கம் மக்கா. பொம்பளையளு நிண்ண பக்கம். நான் நிண்ணது வலது."

மறுநொடியே முத்துநாயகம் சாருக்குப் போன் போட்டார். "சார், ஆதாரம் கெடச்சாச்சு. ஒடனே வாங்க." போனை வைத்துவிட்டு, சார் வருவதற்குள் ஆளையும் கண்டுபிடித்துவிடுகிறேன் என்று சத்தத்தை ஏற்றி, பாட்டை மறுபடி முதலிலிருந்து வைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிச் சரணத்துக்கு முன்னால் அந்த முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டி, பாட்டை நடுவிலிருந்து வைத்தார். தாவப்படாது என்ற மனிதர்.

சரணம் முடிந்தது. மௌனம். இடது காதில் ஏப்பம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, மூச்சைவிட மெல்லியதாக ஒரு முணுமுணுப்பு: "தோத்திரம்."

இரண்டு வருடத்தில் முதல்முறையாக எனக்கு ஒரு ஐ.சி.க்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரிந்தது. ஏப்பம் விட்டதும் தோத்திரம் சொல்லுகிறவர்கள் எங்கள் சபையில் நிறைய உண்டு. ஆனால் கடைசி எழுத்தை மூக்கால் இழுத்து, பாதிப் பாட்டாகச் சொல்லுகிறவர் ஒருவர்தான். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு மதில் தாண்டி என் வீட்டில் கேட்கும் தோத்திரம் அது. அதற்குச் சொந்தக்காரர் அப்போது அடுக்களையில் எங்களுக்குச் சாயா போட்டுக்கொண்டிருந்தார்.

ஜான்ரோஸ் அடுக்களைப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வெளிய தெரிஞ்சா அவ பாட்ட நிறுத்திருவா மக்கா" என்றார் தாழ்ந்த குரலில். "அவ பாடல்லன்னா இந்த வீட்டுல என்ன இருக்கு?"

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. வழக்கமாக ஐ.சி.யைப் பிடுங்கச் சிமிட்டாவைத் தேடி வீட்டையே புரட்டுகிறவர், நகத்தாலேயே பெருந்தீனியைக் கெல்லி எடுத்துவிட்டுப் பிசினாறியை அழுத்தினார்.

முத்துநாயகம் சார் மூக்குக்கண்ணாடிக்கு மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையால் தாளம் போட்டபடி முழுப் பாட்டையும் கேட்டார். இடையில் ஒரு இடத்தில் தாளம் நின்றது. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"எடதா வலதான்னு ஒண்ணும் வெளங்கல்ல, ஜான்ரோசே. ஆனா ஒரு காரியம் சொல்லுதேன். இதுல கனமே இல்லியே. பொம்பள ஏப்பம் போலல்லா இருக்கு."

பிசினாறி கனமான ஓசையை வெளியே விடாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஜான்ரோஸுக்கும் எனக்கும்தான் தெரியும். சார் கண்ணை மூடிக்கொண்டு, பெண்கள் முன்வரிசையில் யார் யார் நின்றார்கள் என்று விரல்விட ஆரம்பித்தார். ஷைஜா என்று ஒரு விரலை மடக்கினார். அபிதா என்று இன்னொன்றை மடக்கினார். அடுக்களை வாசலில் சாயாத் தட்டோடு ஜெபகுமாரி நின்றுகொண்டிருந்தார். கிளாஸுகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் மூன்றாவது விரலைத் தொட்டார்.

ஜான்ரோஸ் எழுந்து போய் மனைவியின் தட்டிலிருந்து ஒரு கிளாஸை எடுத்தார். ஆவி பறக்கும் சாயாவை ஒரே மடக்கில் குடித்தார். டெனர் வரிசையில் நிற்பவர்போல முதுகை நிமிர்த்தி, நெஞ்சில் கை வைத்து, முத்துநாயகம் சாரின் முகத்துக்கு நேராக ஓர் ஏப்பம் விட்டார். கனமே இல்லாத, மெலிந்த, சின்ன ஏப்பம்.